கொழுக்கட்டைப் புல்லுக்குக் கல்யாணம் பண்ணப் பார்த்த கதை

ரெண்டு வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் ஆரம்பித்த வேலை இது. எங்கள் கொறங்காட்டில் நல்ல மழைக்கு அப்புறம் புல் கதிர் வாங்கி நின்றது. காங்கேயம், தாராபுரம் பக்கத்து ஆட்களுக்குக் கொறங்காடு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் அங்கங்கே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல், அதில் ஆடும் மாடும் மேயும் மானாவாரி நிலம். அந்தக் காட்டில் ரெண்டு புல் தூர்கள் ரொம்ப நாளாக என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தன.

ஒன்று வேலியோரம் இருந்தது. இலை மெத்தென்று இருக்கும், தூர் கட்டி வளரும், கதிர் வைக்கோல் நிறம், ஆடு உள்ளே விட்டால் நேராக அங்கேதான் போகும். ஆனால் தை மாசமே காய்ந்துவிடும். இன்னொன்று பாறை மேட்டில். கதிர் கருஞ்சிவப்பு, இலை சொரசொரப்பு, ஆடு வேறு வழியில்லாமல்தான் கடிக்கும், ஆனால் பங்குனி வெயிலிலும் பச்சை மாறாது. முதலாவதுக்கு வெள்ளைச்சி, ரெண்டாவதுக்குக் கருப்பன் என்று பேர் வைத்தேன். யாருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது: ரெண்டையும் ஒட்டுச் சேர்த்தால் மெத்தென்ற இலையும் வரும், பங்குனி வரை பச்சையும் நிற்கும்.

அப்பத்தா கேட்டுவிட்டுச் சிரித்தது. "புல்லுக்கு என்னத்துக்கு கண்ணு கல்யாணம்? வெள்ளைப் புல்லுல வெள்ளைப் புல்லுதான் வரும்." நான் கண்டுகொள்ளவில்லை. அப்போதே கேட்டிருந்தால் ஒரு வருஷம் மிச்சம்.

சரி, வேலைக்கு வருவோம். கொழுக்கட்டைப் புல்லின் கதிரைக் கையில் எடுத்துப் பார்த்தால் பூனை வால் மாதிரி இருக்கும். அதில் ஒவ்வொரு மணியும் மெல்லிய மயிர்கள் சூழ்ந்த ஒரு சின்னப் பந்து. பந்துக்குள் ஒன்றிரண்டு, சிலதில் மூன்று நான்கு சிறுகதிர்கள். ஒவ்வொரு சிறுகதிரிலும் ரெண்டு பூ: கீழ்ப்பூ ஆணாகவோ மலடாகவோ இருக்கும், மேல்பூவில்தான் ஆணும் பெண்ணும் சேர்ந்து இருக்கும். பூவுக்கு மூன்று மகரந்தப்பை. இந்தப் புல்லில் ஒரு நல்ல விஷயம், பெண் பாகம் முந்திக்கொள்ளும். வெள்ளைப் பஞ்சு மாதிரி சூலகமுடி முதலில் வெளியே நீட்டும், மகரந்தப்பை கொஞ்சம் பிந்தித்தான் தலைகாட்டும். அந்த இடைவெளிதான் ஒட்டுச் சேர்க்கிறவனுக்குக் கிடைக்கும் நேரம்.

வெள்ளைச்சித் தூரில் எட்டுக் கதிர்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பந்துகளை மட்டும் விட்டு மீதியை நகக் கத்தரியால் வெட்டினேன். மகரந்தப்பை வெடிப்பதற்கு முன்னால், விடியற்காலையில், தலையில் டார்ச் கட்டிக்கொண்டு ஊசிமுனை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒரு கதிருக்கு நூறு மகரந்தப்பைக்கு மேல் வரும். மூன்று நாள் காலையில் இதே வேலை, இடுப்பு போச்சு. பிறகு கருப்பனின் கதிரைக் கறுப்புக் காகிதத்தில் தட்டினால் மஞ்சள் தூள் விழும். அதைச் சின்னப் பெயிண்ட் பிரஷ்ஷால் சூலகமுடியில் தடவி, பட்டர் பேப்பர் உறை போட்டுக் கட்டினேன். இன்னும் மூன்று கதிர்களில் மகரந்தப்பையை மட்டும் பிடுங்கிவிட்டு, எந்தத் தூளும் போடாமல் உறை கட்டினேன். இது ஒப்பிட்டுப் பார்க்க. உறை கட்டிய மறுநாள் ராத்திரி பக்கத்துக் காட்டு வெள்ளாடு ஒன்று வேலி தாண்டி வந்து ரெண்டு உறையைக் கதிரோடு தின்றுவிட்டுப் போனது. அதனால் எட்டு என்பது ஆறாகிவிட்டது.

மார்கழியில் அறுத்துப் பந்துகளை உடைத்துப் பார்த்தேன். கருப்பன் தூள் போட்ட 60 பந்துகளில் 71 மணி கிடைத்தது. தூள் போடாத 30 பந்துகளில் ஒரே ஒரு மணி, அதுவும் நான் எங்கேயோ ஒரு மகரந்தப்பையை விட்டிருப்பேன். ஆக, மகரந்தம் இல்லாமல் மணி இல்லை. ஒட்டு வெற்றி என்று சந்தோஷப்பட்டேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதில்தான் ஏமாந்தேன்.

கொழுக்கட்டை விதையை அறுத்த சூட்டோடு போட்டால் முளைக்காது, சில மாசம் உறங்கும். இது தெரிந்தும் பொறுக்காமல் 31 மணியைத் தை மாசமே கொறங்காட்டுச் செம்மண் நிரப்பிய பைகளில் போட்டேன். பத்து நாளில் முளைப்பு. ஆகா என்றிருந்தேன். அப்புறம்தான் பார்த்தேன், விதையே போடாமல் சும்மா நிரப்பி வைத்திருந்த நாலு பைகளிலும் கொழுக்கட்டை முளைத்திருந்தது. மண்ணிலேயே பழைய விதை கிடந்திருக்கிறது. கொறங்காட்டு மண்ணில் கொழுக்கட்டை விதை இருக்கும் என்று தெரியாத விவசாயி நான் ஒருத்தன்தான் இருப்பேன். அத்தனையையும் கொட்டினேன்.

மீதி 40 மணியைத் துணிப்பையில் கட்டிப் பரணில் போட்டு, ஆவணியில் எடுத்தேன். இந்தத் தடவை வறுத்த ஆற்றுமணலும் தென்னை நார்க்கழிவும். பந்தின் மயிரையும் உமியையும் நீக்கி வெறும் மணியாகப் போட்டேன், அப்படிப் போட்டால் முளைப்பு நன்றாக வருகிறது. 31 செடி தேறியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொட்டி, தொட்டிக்கு ஒரு எண்.

கார்த்திகை முதல் வாரம் கதிர் வந்தது. 30 தொட்டியிலும் வைக்கோல் நிறக் கதிர். இலை அகலம், தண்டு உயரம், தூரின் சாய்வு, எல்லாம் வெள்ளைச்சியை அச்செடுத்த மாதிரி. பூத்ததுகூட எல்லாம் ஒரே வாரத்தில். இருபத்து மூன்றாம் தொட்டி மட்டும் வேறு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் என் கைமேல்தான் சந்தேகம் வந்தது. மகரந்தப்பையைச் சரியாகப் பிடுங்காமல் தன் மகரந்தமே சேர்ந்திருக்கும், அதனால் அம்மா மாதிரியே இருக்கிறது என்று. ஆனால் யோசித்தால் அதுவும் ஒத்துவரவில்லை. தன் மகரந்தம் சேர்ந்தாலும் குன்றல் பகுப்பு நடந்து மரபணுக்கள் சீட்டுக்கட்டு மாதிரி கலைந்துதானே வரும்? காட்டில் தானாக முளைத்த ஒரு புல்லின் பிள்ளைகள் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை என்று பிரிந்திருக்க வேண்டும். முப்பதும் ஒன்றுபோல் இருக்க வழியே இல்லை.

என்னோடு கல்லூரியில் படித்தவள் ஒருத்தி தாவர ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறாள். போன் போட்டுச் சொன்னதும் அவளும் அப்பத்தா மாதிரியே சிரித்தாள். "டேய், அது அப்போமிக்ட். அம்மா தன்னையே ஜெராக்ஸ் போட்டு விதைக்குள்ள வச்சிருக்கு. நீ போட்ட மகரந்தம் புள்ளைக்குச் சோறு பொங்க மட்டும்தான்."

அந்த ஒரு வரியை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு மாசம் ஆனது. பள்ளிக்கூடத்தில் படித்தது இப்படி: சூலுக்குள் ஒரு பெருவித்துத் தாய் செல் குன்றல் பகுப்பு அடைந்து குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும். நான்கில் ஒன்று மட்டும் பிழைத்துக் கருப்பையாக வளரும். அதில் ஒரு முட்டை, ரெண்டு துருவ உட்கரு, அடியில் எதிரடிச் செல்கள். மகரந்தத்திலிருந்து வரும் ஓர் ஆண் உட்கரு முட்டையோடு சேர்ந்தால் கரு, இன்னொன்று துருவ உட்கருக்களோடு சேர்ந்தால் கருவூண், அதாவது கருவுக்கான சோறு. கொழுக்கட்டையில் என்ன நடக்கிறதென்றால், அந்தத் தாய் செல்லைச் சுற்றியிருக்கும் சாதாரண சூல்திசுச் செல்கள் குறுக்கே புகுந்துவிடுகின்றன. அவை குன்றல் பகுப்புக்கே போகாமல், முழு எண்ணிக்கைக் குரோமோசோமோடு, தாங்களே கருப்பையாக வளர்கின்றன. ஒரே சூலில் இப்படி ரெண்டு மூன்றுகூட வளரும். முறைப்படி வரவேண்டிய கருப்பை பாதியிலேயே அழிந்துபோகும். முட்டை ஏற்கெனவே முழுசு, அதனால் ஆண் உட்கருவுக்குக் காத்திராமல் தானே கருவாக மாறிவிடும். ஆனால் கருவூணுக்கு மட்டும் ஆண் உட்கரு வேண்டும். அது கிடைக்காவிட்டால் மணி பிடிக்காது. என் மூன்று கதிர்கள் பொக்காகப் போனதற்குக் காரணம் இதுதான். மகரந்தம் தேவைப்பட்டது, ஆனால் தகப்பனாக இல்லை.

எலுமிச்சை விதை போட்டவர்களுக்கு இதன் சொந்தக்காரனைத் தெரிந்திருக்கும். ஒரே விதையில் ரெண்டு மூன்று கன்று வரும், அதில் தாயின் சூல்திசுவிலிருந்து நேராக வந்தவையும் இருக்கும். வழி வேறு, சங்கதி ஒன்று.

கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று அடம்பிடித்ததில், அடுத்த மாசம் கதிர்களோடு பஸ் ஏறினேன். பூக்கும் நிலையில் இருந்த கதிர்களை ஃபார்மலின், அசிட்டிக் அமிலம், ஆல்கஹால் கலவையில் ஒரு நாள் ஊறவைத்து, 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிக் குப்பியில் எடுத்துப் போயிருந்தேன். அங்கே சூலகத்தைத் தனியே பிரித்து, படிப்படியாக ஆல்கஹாலைக் கூட்டி, கடைசியில் மெத்தில் சாலிசிலேட்டில் போட்டோம். மூட்டுவலித் தைலத்தின் அதே வாசனை, ஆய்வகம் முழுக்க அப்பத்தாவின் அறை மாதிரி மணத்தது. ஒரு நாளில் சூலகம் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும், நறுக்காமலே உள்ளே பார்க்கலாம். ஆனால் சாதாரண நுண்ணோக்கியில் எல்லாமே வெறும் வெளுப்பாகத்தான் தெரியும், உட்கருவின் விளிம்பை மேடுபள்ளமாக எடுத்துக்காட்டும் விசேஷ ஒளியமைப்பு வேண்டும். அது அவளிடம் இருந்தது.

முதலில் பழகுவதற்கு ஒரு கம்புப் பூவைக் காட்டினாள். கம்பு கொழுக்கட்டைக்கு நெருங்கிய பங்காளி, ஆனால் முறையாகக் கலந்து விதை பிடிக்கிற பயிர். சூலின் ஒரு கோடியில் எதிரடிச் செல்கள் திராட்சைக் குலை மாதிரி குவிந்து கிடந்தன. அடுத்து வெள்ளைச்சி. அந்தக் குலை இல்லவே இல்லை. அதற்குப் பதில் மூன்று பைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, நாய்க்குட்டிகள் ஒரே சாக்கில் படுத்த மாதிரி. ஒரு பையில் நிதானமாக எண்ணினேன்: முட்டை ஒன்று, பக்கத்தில் அதற்குத் துணைச் செல்களான சினர்ஜிட் ரெண்டு, ஒரே ஒரு துருவ உட்கரு. நாலு உட்கரு, அவ்வளவுதான். எதிரடிச் செல் இருந்தால் கலப்பு வழி, இல்லாமல் நாலோடு நின்றால் கலப்பில்லா வழி. புல் ஆராய்ச்சிக்காரர்கள் பிரித்துப் பார்ப்பது இப்படித்தான். இருபத்தைந்து சூல் பார்த்தோம், வெள்ளைச்சியில் ஒன்றில்கூட அந்தக் குலையைக் காணோம்.

இந்த ஒற்றைத் துருவ உட்கருவில் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. கொழுக்கட்டையில் அதிகம் காணப்படுவது நான்மடியம், அதாவது ஒவ்வொரு குரோமோசோமும் நாலு நாலாக இருக்கும், மொத்தம் 36. கலப்பு வழியில் துருவ உட்கரு ரெண்டும் ஆளுக்கு 18, ஆண் உட்கரு 18, கருவூண் மொத்தம் 54. தாய்ப் பங்கு ரெண்டு, தகப்பன் பங்கு ஒன்று. புல் விதைகளில் இந்த ரெண்டுக்கு ஒன்று கெட்டால் பெரும்பாலும் மணி சுருங்கிப்போகும். கலப்பில்லா வழியில் துருவ உட்கரு ஒன்றுதான், ஆனால் அது பாதியாகாத 36. கூட ஆண் உட்கரு 18. அதே 54, அதே ரெண்டுக்கு ஒன்று. குறுக்கு வழியில் போனாலும் கணக்கை நேர் செய்துவிட்டுத்தான் போகிறது.

சரி, இந்தக் குணம் எங்கே எழுதியிருக்கிறது? இதைத் தோண்டுவதற்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு. மரபணுவைத் தேட ஒட்டுச் சேர்க்க வேண்டும், இது அம்மாவாக இருந்தால் ஒட்டே சேராது. என்னை மாதிரியே எல்லாரும் அங்கேதான் முட்டியிருக்கிறார்கள். 1962இல் டெக்சாஸில் பஷா என்கிற ஆராய்ச்சியாளர் முறையாகக் கலந்து விதை பிடிக்கிற ஒரு கொழுக்கட்டைச் செடி கிடைத்ததைப் பதிவு செய்த பிறகுதான் வழி திறந்தது. அதை அம்மாவாக வைத்து, அப்போமிக்ட் செடியின் மகரந்தத்தைப் போடலாம். ஏனென்றால் அப்போமிக்ட் செடியின் மகரந்தம் ஒழுங்காகக் குன்றல் பகுப்பு அடைந்துதான் வருகிறது, கோளாறெல்லாம் பெண் பக்கத்தில் மட்டும். அப்படிப் பிறந்த பிள்ளைகளில் ஏறக்குறைய பாதி கலப்பு வழி, பாதி கலப்பில்லா வழி. நான்கு ஒத்த குரோமோசோம்களில் ஒன்றில் மட்டும் உட்கார்ந்திருக்கும் ஓங்கு குணம் இப்படித்தான் இறங்கும். தாய்வழியில் அப்படியே நகலாகும் ஒரு குணம் புதுச் செடிக்குப் போக வேண்டுமென்றால் தகப்பன் வழியாகத்தான் போக வேண்டும் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அந்தப் பகுதி ஒற்றை மரபணு இல்லை. பெரிய ஒரு குரோமோசோம் துண்டு, அதற்குச் சோடித் துண்டு கிடையாது. அதனால் சோடிக் குரோமோசோமோடு துண்டு மாற்றிக்கொள்வதும் இல்லை. எதையும் வெட்டிப் பிரிக்க முடியாமல் மொத்தமாகவே இறங்கும், அதனால் எந்த மரபணு எந்த வேலை செய்கிறது என்று பிரித்துச் சொல்வது பாடாவதி வேலை. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் டிஃப்டன் வளாகத்தில் பெகி ஒசையாஸ்-ஏகின்ஸ் குழு இதில் பல வருஷம் உட்கார்ந்தது. அந்தத் துண்டுக்குள் ‘பேபி பூம்’ என்ற மரபணுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 2015இல் கொழுக்கட்டையின் உறவுப் புல் ஒன்றிலிருந்து அதை எடுத்துக் கம்பில் வைத்தபோது, கம்பின் முட்டை மகரந்தம் சேராமலே கருவாகியது. ஆனால் கம்பு முட்டையில் குரோமோசோம் பாதிதான், அதனால் கருவும் பாதிக் குரோமோசோமோடுதான் வந்தது. ஆக, குன்றல் பகுப்பைத் தாண்டுவது ஒரு வேலை, முட்டையைத் தானாகக் கருவாக்குவது இன்னொரு வேலை. கொழுக்கட்டையிடம் ரெண்டும் இருக்கிறது.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்றால், வீரிய ஒட்டு விதைதான். இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு எச்.பி.1, 1965இல் வந்தது, அதன் தாய்வரிசை அதே டிஃப்டனில் உருவானது. அன்றிலிருந்து ஒட்டு விதையை வருஷா வருஷம் கடையில்தான் வாங்க வேண்டும், நம் களத்தில் எடுத்துப் போட்டால் குணம் பிரிந்துவிடும். ஒட்டுக் கம்பு கொழுக்கட்டை மாதிரி தன்னையே நகலெடுத்தால் ஒருமுறை வாங்கினால் போதும். நெல்லில் இதைச் செய்தே காட்டிவிட்டார்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸில் சுந்தரேசன் குழு 2019இல், மூன்று மரபணுக்களை முடக்கிக் குன்றல் பகுப்பைச் சாதாரணப் பகுப்பாக மாற்றி, கூடவே நெல்லின் சொந்தப் பேபி பூம் மரபணுவை முட்டையில் வேலை செய்ய வைத்து, நகல் விதை எடுத்தது. 2022இல் ஒட்டு நெல்லில் அதை 95 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனார்கள். விதைக் கடைக்காரர்கள் சந்தோஷப்படுவார்களா என்பது தனிக் கதை.

நகலுக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. டெக்சாஸில் 1949இல் வெளியிட்ட டி-4464 என்ற கொழுக்கட்டை வகை, அங்கேயும் மெக்சிகோவிலும் லட்சக்கணக்கான ஏக்கரில் பரவியது. அத்தனையும் கிட்டத்தட்ட ஒரே செடி. 1990களின் நடுவில் இலைக் கருகல் பூஞ்சாணம் வந்தபோது அது எல்லாச் செடிக்கும் ஒரே மாதிரி பிடித்தது. எங்கள் கொறங்காட்டில் பத்தடிக்கு ஒரு ஜாதி நிற்பதைக் கரைச்சல் என்றுதான் முன்பு நினைத்திருந்தேன்.

இப்போது இருபத்து மூன்றாம் தொட்டி. அதில் கதிர் கருஞ்சிவப்பு, கருப்பனின் நிறம். தண்டு வெள்ளைச்சியைவிடத் தடிமன், இலையும் அகலம். நார்க்கழிவில் எங்கிருந்தோ வந்த விதையா என்று சந்தேகம், ஆனால் காலியாக வைத்திருந்த தொட்டிகளில் இந்தத் தடவை எதுவும் முளைக்கவில்லை. ஆய்வகத் தோழி சொன்ன விளக்கம்: எப்போதாவது, பாதியாகாத முட்டை தானாகக் கருவாவதற்குள் ஆண் உட்கரு முந்திப் போய்ச் சேர்ந்துவிடும். அம்மாவின் 36 முழுசாக, கூட அப்பாவின் 18. வேர்நுனியை நசுக்கி அசிட்டோகார்மைன் சாயம் போட்டு எண்ணினோம். வெள்ளைச்சியில் 36 தெளிவாக வந்தது. இருபத்து மூன்றில் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, நான் எண்ணினால் 53, அவள் எண்ணினால் 54, மறுபடி நான் எண்ணினால் 55. ஐம்பதைத் தாண்டிவிட்டது என்பதில் மட்டும் சண்டை இல்லை.

அதன் சூலகத்தையும் தெளிய வைத்துப் பார்த்தோம். எதிரடிச் செல் குலை எங்கேயும் இல்லை, நாலு உட்கருப் பைகள்தான். அதாவது ஒரே ஒரு தடவை கலந்துவிட்டு, மறுபடி கதவைச் சாத்திக்கொண்டது. நான் உட்கார்ந்து பண்ணிய கல்யாணங்களில் நடந்தது ஒன்றே ஒன்று, அந்தக் குடும்பத்திலும் இனி அம்மாவின் அச்சுதான். விதையெடுத்துப் போட்ட பன்னிரண்டு நாற்றும் இப்போது கருஞ்சிவப்புக் கதிரோடு பம்ப் ரூம் சுவர் ஓரம் வரிசையாக நிற்கின்றன, எல்லாம் ஒரே உயரத்தில்.

இருபத்து மூன்று பங்குனி கடைசி வரை பச்சையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், அந்தப் பாதி ஆசை நிறைவேறியது. தண்ணீர் விடாத நாலு தொட்டியை வெயிலில் வைத்துப் பார்த்ததில் வெள்ளைச்சி காய்ந்து மூன்று வாரம் கழித்துத்தான் அது வாடியது. நாலு தொட்டியை வைத்து ஒன்றும் முடிவு சொல்ல முடியாது, இந்த வருஷம் காட்டிலேயே நட்டுப் பார்க்கப் போகிறேன். இலை மெத்தென்று இருக்கிறதா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். போன வாரம் ஒரு தொட்டி வெள்ளைச்சியையும் ஒரு தொட்டி இருபத்து மூன்றின் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று செம்மறியை அவிழ்த்துவிட்டேன். வெள்ளைச்சியை வேர் தெரியக் கடித்துவிட்டு, அடுத்த தொட்டியை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, நேராகப் போய் நார்க்கழிவு மூட்டையைத் தின்ன ஆரம்பித்தன. அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தது.